நீளம் யாருடைய பண்பு?

தமிழ்க் கணிமை குறித்துப் பேசும் நண்பர்களிடையே ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகிறது. ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, பைதான் முதலிய மொழிகளில் ஒரு தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் எழுத்தெண்ணிக்கைக்குப் பொருந்தாத எண் வருகிறது. ஆகவே சரம் என்னும் வகுப்பிலிருந்து 'தமிழ்ச்சரம்' என்றொரு துணைவகுப்பைப் பிறப்பித்து, நீளத்தைத் தரும் கெட்டரை மேலெழுதி, 'சரியான' எண்ணைத் தரச் செய்ய வேண்டும் என்பது அக்கோரிக்கை. எதிர்த்தரப்பில் மென்பொருள் பொறியாளர்கள் நிற்கிறார்கள். "மொழி தருகிற எண்ணே நீளம், அதில் குறை காண்பது இலக்கண ஆசிரியர்களின் வேலை" என்பது அவர்களது விடை.

இரண்டு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பதே என் வாதம். நீளம் என்பது சரத்துக்குள்ளே ஏற்கெனவே வீற்றிருக்கும் ஒரு பண்பு என்றும், அதற்கு ஒரே ஒரு சரியான மதிப்புதான் உண்டு என்றும் இரு தரப்பும் நம்புகின்றன. எந்த மதிப்பு என்பதில் மட்டுமே சண்டை. நம்பிக்கையே தவறு என்றால் சண்டையில் யார் வென்றாலும் தோற்பது தமிழ் ஆய்வுதான்.

பெங்களூரில் நான் குடியிருக்கும் அடுகோடியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'அடுகோடி' என்னும் சொல்லின் நீளம் என்ன?

எழுத்தாக எண்ணினால் 4: அ, டு, கோ, டி. மாத்திரையாக எண்ணினால் 5: மூன்று குறிலுக்கு மூன்று, நெடிலுக்கு இரண்டு. அசையாகப் பிரித்தால் 3: அடு நிரை, கோ நேர், டி நேர், வாய்பாடு புளிமாங்காய். யூனிக்கோடு குறியெண்களாக எண்ணினால் 7: அ, ட, உகரக்குறி, க, ஓகாரக்குறி, ட, இகரக்குறி. ஓகாரக்குறியை அதன் இரு கூறுகளாக, அதாவது ஏகாரக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் அதே சொல் 8 ஆகிவிடும். திரையில் பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணினால், ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 3 பைட்டு வீதம், 21.

கன்னடத்தில் எழுதினாலும் இப்பெயருக்கு 4 எழுத்து, 7 குறியெண். ஆனால் கன்னட ஓகாரக்குறி யூனிக்கோட்டில் மூன்று கூறுகளாகப் பிரியும். எனவே பிரித்துச் சேமித்தால் கன்னட அடுகோடி 9. ஒரே ஊர், ஒரே ஒலிப்பு, இரண்டு மொழியிலும் நான்கே எழுத்து. இயந்திரத்துக்குள் 7, 8, 9.

இனி ரோமன் எழுத்தில் அதே பெயரை எழுதிப் பாருங்கள். எழுத்து 7, குறியெண் 7, பைட்டு 7. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. உச்சரிப்புக் குறியற்ற ரோமன் எழுத்துக்கு எல்லா அளவைகளும் ஒரே எண்ணைத் தருகின்றன. நிரல்மொழிகளை வடிவமைத்தோர் முதன்மையாகக் கையாண்ட எழுத்துமுறை அது. வெவ்வேறான பல கேள்விகளுக்கு ஒரே விடை கிடைக்கும்போது கேள்விகள் பல என்பதே மறந்துபோகிறது. அந்த மறதிக்கு வைக்கப்பட்ட பெயர்தான் 'லெங்த்'.

இங்கே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் ஒரு கோட்பாட்டை நினைவூட்ட வேண்டும். பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட தம் நூலில் 'சீரான அணுகல்' என்னும் கொள்கையை வகுத்தார். ஒரு பொருளின் பண்பைக் கேட்பவர், அந்த மதிப்பு நினைவகத்தில் சேமித்து வைக்கப்பட்டதா, கேட்ட கணத்தில் கணக்கிடப்பட்டதா என்பதை அறியத் தேவையில்லை. இரண்டையும் ஒரே தொடரமைப்பால் கேட்க இயல வேண்டும் என்பது அதன் சாரம். சி ஷார்ப்பின் பண்புகளும், பைதானின் 'பிராப்பர்ட்டி'யும், ஜாவாஸ்கிரிப்ட் 2009ஆம் ஆண்டுத் தரத்தில் ஏற்ற கெட்டர்களும் இக்கொள்கையின் வழியில் வந்தவையே. ஒரு புள்ளி வைத்துப் பெயரைச் சொன்னால் போதும். பின்னால் நடப்பது வெறும் வாசிப்பா, நூறு வரி நிரலா என்பது கேட்பவருக்குத் தெரியாது.

மொழியியல் நோக்கில் இதைப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'எழுத்துகளை எண்ணு' என்பது வினைத்தொடர். எண்ணுவது ஒரு செயல் என்பதும், எதை எண்ணுகிறோம் என்பதும் அதில் வெளிப்படை. 'சொல்லின் நீளம்' என்பது பெயர்த்தொடர். செயல் மறைந்தது, செய்தவர் மறைந்தார், எண்ணப்பட்ட அலகும் மறைந்தது. எஞ்சியது ஓர் ஆறாம் வேற்றுமை உறவு மட்டுமே.

ஆறாம் வேற்றுமை என்றதும் தமிழ் மாணவர்களுக்குத் தொல்காப்பியம் செய்யும் பாகுபாடு நினைவுக்கு வரும். கிழமைப் பொருள் இருவகைப்படும்: தற்கிழமை, பிறிதின்கிழமை. கண்ணனது கை என்பது தற்கிழமை. கையைக் கண்ணனிடமிருந்து பிரிக்க முடியாது. கண்ணனது வீடு என்பது பிறிதின்கிழமை; வீடு வேறு, கண்ணன் வேறு, இடையில் இருப்பது ஓர் உறவு. இரண்டுக்கும் உருபு ஒன்றே. உருபைப் பார்த்து உறவின் வகையை அறிய முடியாது. பொருளை ஆராய்ந்தே அறிய வேண்டும்.

நிரலாக்கத்தின் புள்ளிக்குறி அத்தகைய உருபுதான். சரத்தின் நீளம் தற்கிழமை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது பிறிதின்கிழமை. சரத்துக்கும், அளப்பவர் கையிலுள்ள அளவுகோலுக்கும் இடையிலான உறவு அது. அளவுகோலைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்வது, எத்தனை முழம் என்றோ எத்தனை மீட்டர் என்றோ சொல்லாமல் 'இத்துணி ஏழு' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இனி மேலெழுதுதலுக்கு வருவோம். நீளத்தின் கெட்டரை மேலெழுதி 4 என்று விடை தரச் செய்துவிட்டால் என்ன நிகழும்? சரம் என்பது நீளம் மட்டுமல்ல. 'இந்த இடத்தில் உள்ளதைக் கொடு', 'இங்கிருந்து அங்குவரை வெட்டு' என்னும் செயல்களும் அதே வகுப்பில் உள்ளன. அவை நீளத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. 0 தொடங்கி நீளத்துக்கு ஒன்று குறைவான இடம்வரை சென்றால் சரம் முழுதும் வந்துவிடும் என்பது அந்த ஒப்பந்தம். நீளத்தை மட்டும் 4 ஆக்கி, மற்றவற்றைப் பழைய 16 பிட் அலகுகளிலேயே விட்டுவைத்தால், சுற்றாணை அ, ட, உகரக்குறி, க என்ற நான்கோடு நின்றுவிடும். அடுகோடி 'அடுக' ஆகும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் மகிழ்ச்சியாக ஓடும்; ஊர்ப்பெயர் மட்டும் பாதியில் நிற்கும்.

துணைவகுப்பின் பொருளை மூலவகுப்பின் இடத்தில் வைத்தால், மூலவகுப்பை நம்பி எழுதிய நிரல் பிழைபடக்கூடாது என்பது பார்பரா லிஸ்கோவின் பெயரால் வழங்கும் பதிலீட்டுக் கொள்கை. 1987இல் அவர் ஆற்றிய உரையில் முளைத்து, 1994இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முறைப்படுத்தப்பட்டது. நான்கு என்று சொல்லும் தமிழ்ச்சரம் அக்கொள்கையை மீறுகிறது. தமிழுக்கு நியாயம் செய்யவே மீறினோம் என்ற விளக்கம் சுற்றாணையின் காதில் விழாது.

மொழிகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதையும் பாருங்கள். ஜாவா, கோட்லின், சி ஷார்ப் ஆகியவற்றில் சரம் மூடிய வகுப்பு; அதிலிருந்து பிறப்பிக்கவே இயலாது. ஜாவாஸ்கிரிப்டில் பிறப்பிக்கலாம். துணைவகுப்பில் நீளத்துக்கென ஒரு கெட்டரை எழுதலாம். எழுதும்போது எதிர்ப்பும் வராது. ஆனால் அங்கே ஒவ்வொரு சரப்பொருளும் நீளத்தைத் தன் சொந்தப் பண்பாக, மாற்றவியலாத மதிப்பாக ஏந்திப் பிறக்கிறது. பண்பைத் தேடும் முறை முதலில் பொருளிடமும், பிறகே அதன் மூலவுருவிடமும் செல்வதால், நீங்கள் எழுதிய கெட்டரை எவரும் அழைப்பதில்லை. மேலெழுதியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், விடை 7 ஆகவே இருக்கும்.

பைதானில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே மேலெழுதலாம், 'லென்' உங்கள் எண்ணைத் தரும். ஆனால் வெட்டுதலும், ஒவ்வொன்றாகச் செல்லும் சுற்றாணையும் உள்ளே சேமித்த குறியெண்களையே பார்க்கும். அதோடு உங்கள் தமிழ்ச்சரத்துடன் 'யில்' என்னும் விகுதிச் சரத்தைக் கூட்டினால் கிடைப்பது சாதாரணச் சரம், துணைவகுப்பு கழன்றுவிடும். அடுகோடிக்கு 4 என்று சொன்ன அதே நிரல், அடுகோடியில் என்பதற்கு 6 என்று சொல்லாமல் 11 என்று சொல்லும். வேற்றுமை உருபு ஏற்றவுடன் சொல் தன் இலக்கணத்தை மறந்துவிடுவது போன்றது இது. ஒட்டுநிலை மொழி ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தாத தீர்வு இருக்க முடியாது.

நாமே புதிதாகச் சொல் என்னும் மூலவகுப்பை எழுதி, அதன் நீளத்தைத் துணைவகுப்பில் மேலெழுதினாலும் இடர் நீங்காது. ஜாவாவிலும் கோட்லினிலும் மூலவகுப்பின் ஆக்கிதான் முதலில் ஓடும். அது நீளத்தைக் கேட்டால், துணைவகுப்பின் கெட்டர் விழித்து, தன் எழுத்து அட்டவணையைத் தேடும். அட்டவணை இன்னும் பிறந்திருக்காது. புலத்தை வாசிப்பதாக நம்பி எழுதிய ஒரு வரி, இன்னும் முழுமையடையாத பொருளிடம் வேலை வாங்குகிறது.

அப்படியானால் கெட்டரை ஒருபோதும் மேலெழுதக்கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய ஆவணத்தைத் துண்டுதுண்டாகச் சேமிக்கும் துணைவகுப்பு, நீளம் கேட்கப்படும்போது துண்டுகளின் நீளத்தைக் கூட்டித் தரலாம். இன்னொரு துணைவகுப்பு ஒருமுறை எண்ணியதை நினைவில் வைத்துக்கொண்டு திருப்பித் தரலாம். இவை நேர்மையான மேலெழுதல்கள். விடையை அடையும் வழி மாறியது, கேள்வி மாறவில்லை. சீரான அணுகல் அனுமதிப்பது இதைத்தான். வழியை மறைக்க உரிமம் தந்த கொள்கையைக் காட்டி, கேள்வியையே மாற்றுவது அத்துமீறல். விடை பெறும் வழியை மாற்றலாம். கேட்கப்பட்ட கேள்வியை மாற்றக்கூடாது. கெட்டர் மேலெழுதல் பற்றி வகுப்பறையில் ஒரே ஒரு விதிதான் கற்பிக்க முடியும் என்றால் நான் இதைக் கற்பிப்பேன்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பவர்கள் நம் யாப்பிலக்கணத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே 'நீளம்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருள் ஏற்றவில்லை. எழுத்து, மாத்திரை, அசை, சீர் என ஒவ்வோர் அளவைக்கும் தனிப்பெயர் இட்டார்கள். கட்டளைக் கலித்துறையில் அடிக்கு எழுத்தெண்ண வேண்டியிருந்தபோது, நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று வகுத்தவர்கள், 'ஒற்று நீக்கி' என்னும் நிபந்தனையையும் உடன் வைத்தார்கள். 'தமிழ்' என்பது வழக்கமாக எண்ணினால் 3 எழுத்து, ஒற்று நீக்கினால் 2, மாத்திரை இரண்டரை. இவற்றில் எதுவும் மற்றதைப் பொய்யாக்கவில்லை. எதுவும் மற்றதை மேலெழுதவில்லை. கேள்விக்கொரு பெயர் இருந்ததால் விடைகள் அருகருகே வாழ்ந்தன.

நிரல்மொழிகளில் இந்நெறிக்கு நெருங்கி வந்தது 2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட். அதன் சரத்தில் எண்ணிக்கையைக் கேட்டால் பயனர் காணும் எழுத்துக் கொத்துகள் வரும், அடுகோடிக்கு 4. குறியெண்கள், 16 பிட் அலகுகள், பைட்டுகள் ஆகியவை தனித்தனிப் பார்வைகளாகத் தனிப்பெயருடன் நிற்கின்றன; கேட்டால் 7, 7, 21. இடச்சுட்டும் எழுத்துக் கொத்துகளோடு இசைந்தே நகர்கிறது. ஒப்பந்தம் முழுதாக வடிவமைக்கப்பட்டது. ஒரு கெட்டர் மட்டும் ஒட்டுப்போடப்படவில்லை. தமிழுக்கென எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகமும் சரத்தின் நீளத்தில் கை வைக்கவில்லை. எழுத்துகளைப் பிரித்துப் பட்டியலாகத் தரும் தனிச் செயலை வைத்தது. பட்டியலை எண்ணிக்கொள்வது நம் வேலை. அதுவே பண்பட்ட வழி.

'எழுத்து' என்ற அளவையும்கூட விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று. 'க்ஷ' ஓர் எழுத்தா, இரண்டா? யூனிக்கோட்டின் இயல்பு விதிப்படி அது இரண்டு கொத்துகள். கிரந்த எழுத்துகளைப் பட்டியலிடுவோர் ஒன்றென்பர். 'ஸ்ரீ' வடிவால் ஒன்று. அதே விதிப்படி இரண்டு. ஆய்வாளர் ஒரு முடிவெடுக்கலாம். எடுத்த முடிவைச் சொல்ல வேண்டும். மேலெழுதிய கெட்டர் அந்த முடிவை எடுத்துவிட்டு வாய் திறவாமல் இருக்கிறது. என் எதிர்ப்பின் மையம் இதுதான்.

எல்லா எழுத்துக்கும் தனிக் குறியெண் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்போர் 'டேஸ்-16' குறியாக்கத்தைச் சுட்டுவார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிக்கோட்டோடு அதனையும் தரமாக ஏற்றது உண்மை. அதில் அடுகோடியின் சேமிப்பு நீளமும் 4 ஆகவே இருக்கும். ஆனால் அது யூனிக்கோட்டின் தனிப்பயன் பகுதியில் வாழ்வதால் பிற மென்பொருள்களுக்கு அந்நியமானது. அதைவிட முக்கியமாக, சேமிப்பை மாற்றி ஒரு கேள்விக்கு விடை கண்டால் மாத்திரைக்கும் அசைக்கும் ஒற்று நீக்கிய எண்ணிக்கைக்கும் என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கமா?

இதெல்லாம் நிரலர்களின் உள்வீட்டுச் சண்டை என்று கடந்து போகும் மொழியியல், இலக்கியத் துறை நண்பர்களுக்கு இனி வருவது.

சொல்லின் நீளம் வாசிப்பு நேர ஆய்வுகளில் கட்டுப்பாட்டு மாறி. தரவக மொழியியலில் அடிப்படை அளவை. அட்டவணையில் 'சராசரிச் சொல் நீளம், எழுத்துகளில்' என்று தலைப்பிட்டு, பைதானின் 'லென்' தந்த எண்ணை அப்படியே கீழே இடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த எண் எழுத்தெண்ணிக்கை அன்று. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு 'தமிழ்ச் சொற்கள் நீளமானவை' என்று முடிவுக்கு வந்தால், அம்முடிவில் எவ்வளவு தமிழுடையது, எவ்வளவு குறியாக்கத்துடையது? அடுகோடியும் அதன் ரோமன் வடிவமும் ஒரே 7 என்று சொல்லும் அளவுகோலை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுகிறோம்?

எழுத்துணரி ஆய்வில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரு கருவி அடுகோடியை 'அடுகேடி' என்று வாசித்தது என்று கொள்வோம். குறியெண் அளவில் பிழை 7இல் 1, ஏறத்தாழ 14 விழுக்காடு. எழுத்து அளவில் 4இல் 1, 25 விழுக்காடு. இன்னொரு கருவி இறுதி 'டி'யை விட்டுவிட்டது. குறியெண் அளவில் 7இல் 2, ஏறத்தாழ 29 விழுக்காடு. எழுத்து அளவில் அதே 25. முதல் அளவுகோலில் இரண்டாம் கருவி இருமடங்கு மோசமானது. இரண்டாம் அளவுகோலில் இரண்டும் சமம். எந்தக் கருவி சிறந்தது என்னும் முடிவையே, எவரும் அறிவிக்காத ஓர் அலகு தீர்மானிக்கிறது.

அன்றாட வாழ்விலும் இதன் சாயல் உண்டு. ரோமன் எழுத்துக் குறுஞ்செய்திக்கு வரம்பு 160. தமிழ் எழுதினால் 70. எக்ஸ் தளத்தின் 280இல் அடுகோடி 7 இடத்தை எடுத்துக்கொள்ளும். வரம்பு வைப்பதில் தவறில்லை. சேமிப்புக்கும் கடத்தலுக்கும் அவற்றுக்குரிய அலகு வேண்டும். சேமிப்பு அலகை 'எழுத்து' என்று பெயரிட்டு நம்மிடம் காட்டுவதுதான் தவறு. கருத்தரங்கு விண்ணப்பத்தில் 'ஆயிரம் எழுத்துகளுக்குள் சுருக்கம் தருக' என்று கேட்கும் படிவம், தமிழில் எழுதுபவரின் ஒவ்வொரு உயிர்மெய்க் குறியையும் ஒவ்வொரு புள்ளியையும் தனியே எண்ணிக் கழித்தால், அது இருவருக்கும் ஒரே இடத்தைத் தரவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

தமிழுக்கு நூலகம் எழுதும் நண்பர்களுக்கு: நீளத்தை மேலெழுதாதீர்கள். எழுத்தெண்ணிக்கை, மாத்திரை, அசையெண்ணிக்கை, குறியெண் எண்ணிக்கை எனத் தனிப்பெயர் இடுங்கள். சொற்களஞ்சியம் நம்மிடம் நெடுங்காலமாக ஆயத்தமாக இருக்கிறது.

ஆய்வேடு எழுதுவோருக்கும் மதிப்பிடுவோருக்கும்: அலகு குறிப்பிடாத எந்த நீளத்தையும் ஏற்காதீர்கள். கூட்டுக்குறிகள் சேர்த்துச் சேமிக்கப்பட்டனவா, பிரித்தா என்பதையும், க்ஷ, ஸ்ரீ பற்றி எடுத்த முடிவையும் முறையியல் பகுதியில் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். அவ்விரண்டு வரி இல்லாத அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள்.

பொருள்நோக்கு நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: கெட்டரை ஒரு சடங்காகக் கற்பிக்காதீர்கள். ஒவ்வொரு பண்பும் ஒரு கேள்வி. ஒவ்வொரு கெட்டரும் ஒரு விடை. மேலெழுதுபவர் விடையளிக்கும் பொறுப்பை ஏற்கிறார், கேள்வியைத் திருத்தும் அதிகாரத்தைப் பெறுவதில்லை என்று சொல்லிக் கொடுங்கள்.

மறுப்புடையோர் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எண் தந்தால் அலகோடு தாருங்கள்.